ஒரு சாண் கேபிள்

எனக்குக் கோபம் மூக்கு மேல. கடையில என் பேரே சிடுமூஞ்சிதான், முகத்துக்கு நேராவே அப்படித்தான் கூப்பிடுவாங்க. இருபது வருஷமா கம்ப்யூட்டர் சேர்த்துக் குடுக்குறவனுக்குச் சிரிச்ச முகம் எங்கேர்ந்து வரும், நீங்களே சொல்லுங்க. போன்ல எதையோ பாத்துட்டு ஒரு பட்டியலோட வந்து நிப்பாங்க. உள்ள கலர் கலரா லைட் எரியணும்பாங்க. எதுக்கு சார்னு கேட்டா, பாக்க நல்லா இருக்கும்ல என்பாங்க. "பாக்கத்தான் வேணும்னா ஒரு மீன் தொட்டி வாங்கிட்டுப் போங்க"ன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். முதலாளி ஒரு வாரத்துக்கு என்னை முன்பக்கமே வர விடல.

ஆனா வேலை சுத்தம். அதை என்னைப் பிடிக்காதவன்கூட ஒத்துக்குவான். நான் சேர்த்த பெட்டியைத் திறந்து பாத்தா ஒரு ஒயர் குறுக்க போகாது. எல்லாம் பின்பக்கமா ஒளிஞ்சு, வளைஞ்சு, எங்க வரணுமோ அங்க மட்டும் தலையை நீட்டும். அதுல எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர்தான் எங்க அண்ணியோட குரலைத் தின்னுடுச்சு. அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

அண்ணி கோரஸ் பாடுறவங்க. இருபத்திரெண்டு வருஷம் அடுத்தவங்க பாட்டுக்குப் பின்னாடி நின்னு பாடினாங்க, ஒரு மைக்குக்கு நாலு பேரா. உங்க காதுலயும் எப்பவாவது விழுந்திருக்கும். அந்த நாலு குரல்ல எது அவங்களோடதுன்னு யாருக்கும் தெரியாது. அண்ணன் விளம்பரத்துக்கு இசை போடுறவன். சோப்பு, பெயின்ட், பற்பசைன்னு முப்பது செகண்டுல முடியுற சமாச்சாரம். கல்யாணமான நாள்லேர்ந்து "உனக்குன்னு தனியா ஒன்பது பாட்டு போட்டு வச்சிருக்கேன், ஒரு நாள் பதிவு பண்ணிடுவோம்"னு சொல்லிக்கிட்டே இருந்தான். மெட்டெல்லாம் நிஜமாவே தயாரா இருந்துச்சு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டதுல வருஷம் ஓடிப்போச்சு.

அப்புறம் அண்ணிக்குக் குரல் கரகரன்னு ஆச்சு. சளின்னு நினைச்சோம். சளி இல்ல. குரல்வளையை மொத்தமா எடுத்தாத்தான் ஆள் பிழைப்பாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சதுலேர்ந்து பத்தொன்பது நாள் இருந்துச்சு.

அந்தப் பத்தொன்பது நாள்ல ஒன்பது பாட்டையும் பாடி முடிச்சாங்க. பின்னறையில கதவுக்கு மெத்தையைச் சாத்தி வச்சு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி பதிவு பண்ணாங்க. கரகரப்பு இல்லாத நேரம் காலையில ஒரு மணி நேரம்தான். நாலு வரி பாடுவாங்க, வெந்நீர் குடிப்பாங்க, கொஞ்சம் படுப்பாங்க, மறுபடியும் நாலு வரி. அண்ணனோட பழைய கம்ப்யூட்டர் ஃபேன் மாவு மிஷின் மாதிரி இரையும், அதனால அதைத் தூக்கி நடையில வச்சு ஒயரை மட்டும் உள்ள இழுத்திருந்தான். கடைசி நாள் பாட்டு எதுவும் பாக்கி இல்ல. அண்ணி மைக் முன்னாடி உக்காந்து எங்க ஒவ்வொருத்தர் பேரையும் ஒரு தடவை கூப்பிட்டு வச்சாங்க. என்னை எப்பவும் போல "தம்பி"ன்னாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப அவங்களுக்குக் கழுத்துல ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாத்தான். கழுத்துல அழுத்திப் பேசுற ஒரு சின்ன மிஷின் குடுத்தாங்க. ரெண்டு நாள் அதுல பேசிப் பாத்தாங்க, அப்புறம் அலமாரியில வச்சுட்டாங்க. ஒரு ஸ்லேட்டு வாங்கினோம், எழுதிட்டு பட்டனை அமுக்கினா அழிஞ்சுடும். அதுல எழுதித்தான் எங்களோட பேச்சு. எழுத்து நல்ல குண்டு குண்டா இருக்கும்.

ஒன்பது பாட்டும் இன்னும் பாட்டா ஆகல. குரல் தனியா இருந்துச்சு, அதுக்கு மேல வாத்தியம் எல்லாம் சேர்க்கணும். அண்ணன் அண்ணி குரலையே அஞ்சாறு அடுக்கா அடுக்கியிருந்தான். இத்தனை வருஷம் அடுத்தவங்களுக்குக் கோரஸ் பாடினவங்களுக்கு அவங்க குரலே கோரஸ் பாடட்டும்னு. ஒரு பாட்டுக்கு குரலும் வாத்தியமுமா எண்பது தொண்ணூறு ட்ராக். பழைய கம்ப்யூட்டர் திணறிடுச்சு. ரெண்டு வரி ஓடும், டிக் டிக்னு விக்கும், அப்படியே நின்னுடும்.

"புதுசு வாங்கிடலாம். உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடு. இதுல மிச்சம் பிடிக்க வேண்டாம்"னான் அண்ணன்.

அவன் வீட்டு மேஜையில உக்காந்து மூணு சாயந்தரம் பட்டியல் போட்டோம். என் வாழ்க்கையில அவ்வளவு ஆசையா ஒரு பட்டியல் போட்டதில்ல. அண்ணன் இணையத்துல கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டு வந்து என் உயிரை எடுத்தான். "பெரிய கிராபிக்ஸ் கார்டு வேணாமா?"ன்னான்.

"நீ பாட்டு போடப் போறியா, துப்பாக்கி விளையாட்டு விளையாடப் போறியா?"

"இல்லடா, எல்லாரும் போடச் சொல்றாங்க."

"எல்லாரும் வந்தா உன் கம்ப்யூட்டரைச் சேர்க்கப் போறாங்க? எண்பது ட்ராக்கைச் சுமக்குறது ப்ராசஸர். அதுல காசைப் போடு. ராம் நிறைய போடு, வாத்தியமெல்லாம் அதுலதான் வந்து உக்காரும். மிச்சத்தை என்கிட்ட விடு."

அண்ணி பக்கத்துல டீயை வச்சுட்டு ஸ்லேட்டுல எழுதிக் காட்டினாங்க: 'ரெண்டு பேரும் என் கழுத்துக்கு டாக்டர் பாத்தப்பகூட இவ்வளவு கேள்வி கேக்கல.' அண்ணன் சிரிச்சான். ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அவன் கறாரா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "சத்தமே இருக்கக் கூடாதுடா. ரெண்டு வரிக்கு நடுவுல அவ ஒரு மூச்சு இழுப்பா பாரு, அது கேக்கணும். இப்பல்லாம் அந்த மூச்சு இல்லையே. ஹெட்போன் போட்டா நான் மட்டும் கேப்பேன், அவளும் கேக்கணும். அறையில வேற எதுவும் இரையக் கூடாது."

அதுக்கப்புறம் எனக்கு வெறி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ப்ராசஸர் மேல உக்கார ஒரு ஹீட் சிங்க் போட்டேன், ரெண்டு செங்கல் கனம், சூட்டை அதுவே இழுத்துக்கும். ஃபேன் மூணே மூணு, பெருசா, சோம்பேறித்தனமா சுத்துறதா பாத்து எடுத்தேன். உள்பக்கம் மெத்தை வச்ச கேபினெட். கரன்டைப் பிரிச்சுக் குடுக்குற பவர் சப்ளை, பாதி நேரம் ஃபேனே ஓடாதது. ஒவ்வொண்ணையும் கடையில காதுல வச்சுக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். முதலாளி பாத்துட்டு, "என்னய்யா, தேங்காய் வாங்குற மாதிரி தட்டித் தட்டிப் பாக்குற?"ன்னு கேட்டார். நான் அடுத்த ஃபேனை எடுத்துக் காதுல வச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணன் வீட்டு பின்னறையில தரையில விரிப்பு போட்டு உக்காந்தேன். மதியத்துக்குள்ள சேர்த்து முடிச்சுட்டேன். பட்டனை அமுக்கினா லைட் எரியுது, ஸ்க்ரீன் வருது, சத்தம்னு ஒண்ணு இல்ல. அண்ணன் கீழ குனிஞ்சு காதை வச்சுப் பாத்தான். அண்ணியும் குனிஞ்சாங்க. மூணு பேரும் ஒரு பெட்டிக்குக் காதைக் குடுத்துக்கிட்டு கிடந்தோம். "அடப்பாவி, ஓடுதாடா இது?"ன்னான் அண்ணன். எனக்கு அப்ப வந்த பெருமை இருக்கே, இப்ப நினைச்சா என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு.

இனி பாட்டைப் புது கம்ப்யூட்டர்ல ஏத்தணும். பாட்டு பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டின ரெண்டு டிஸ்க்குல மட்டும்தான் இருந்துச்சு, ஒண்ணு அசல், ஒண்ணு நகல். நகல் எடுத்து வைக்கச் சொன்னதே நான்தான். நெட்டுல ஏத்தி வச்சா என்னன்னு அண்ணன் கேட்டப்ப, "வெளியாகாத பாட்டை எவன் வீட்டுலயோ எதுக்கு வைக்கணும், ரெண்டு டிஸ்க் போதும்"னு சொன்னதும் நான்தான்.

கம்ப்யூட்டரை அணைச்சுட்டு ரெண்டு டிஸ்க்கையும் உள்ள பொருத்தினேன். டிஸ்க் வைக்குற இடம் கேபினெட்டோட முன்பக்கம், கீழ. பவர் சப்ளையோட வந்த கேபிளைப் பின்பக்கமா சுத்திக் கொண்டுவந்தா ஒரு சாண் குறைஞ்சுது. நேரா குறுக்க இழுத்தா எட்டும். ஆனா நட்டநடுவுல தொங்கும், கண்ணை உறுத்தும்.

பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சு பக்கத்துலதான் போட்டிருந்தேன். அதையும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் சேர்த்தேன். அதே கம்பெனி பவர் சப்ளை. அதோட கேபிள் நீளம், ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க்கை மாட்டலாம். எடுத்துப் பாத்தேன், அதே முனை, அதே பிளக். புது பவர் சப்ளையில செருகினேன். டக்னு உக்காந்துச்சு.

இங்கதான் தொழில் தெரிஞ்சவன் யாரும் செய்யாத காரியத்தைச் செஞ்சேன். பிளக் ஒண்ணா இருந்தாலும் உள்ள எந்தக் கம்பியில எவ்வளவு கரன்ட் வரும்ங்கிறது ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் மாறும். ஒரே கம்பெனியா இருந்தாலும் மாறும். பழைய கேபிளைப் புது பவர் சப்ளையில மாட்டாதேன்னு என் கையால எழுதி கடைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். போன வருஷம் சர்வீஸ்ல ஒருத்தர் அதை மாட்டப் போனப்ப, வாடிக்கையாளர் எதிர்லயே நாக்கைப் பிடுங்கிக்குற மாதிரி கேட்டேன். மறுநாள்லேர்ந்து அவர் வேலைக்கே வரல.

அண்ணி எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஸ்லேட்டைத் திருப்பிக் காட்டினாங்க: 'ரெண்டையும் ஒண்ணாவா? ஒண்ணொண்ணா மாட்டலாமே தம்பி.'

பசி வேற. ஒயரைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்துகூடப் பாக்காம, "ரெண்டையும் மாட்டினாத்தான் அசலும் நகலும் ஒண்ணா இருக்கான்னு சரிபாக்க முடியும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி, எனக்குத் தெரியும்"னேன்.

அண்ணி அழிச்சுட்டு ஸ்லேட்டை மடியில வச்சுக்கிட்டாங்க.

பட்டனை அமுக்கினேன். லைட் எரிஞ்சுது, ஸ்க்ரீன் வந்துச்சு. சத்தமே இல்ல. அப்புறம் ஒரு வாசனை. பொசுங்குன பிளாஸ்டிக் மாதிரி, லேசா. பாஞ்சு போய் பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணன் என் முகத்தைப் பாத்தான்.

அண்ணிக்கு எதுவும் தெரியல. மூக்கு வழியா மூச்சு இல்லாததால அவங்களுக்கு வாசனையே தெரியாது. அவங்க கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. புது கம்ப்யூட்டர் ஜம்முனு எழுந்திருச்சுன்னு நினைச்சுட்டாங்க. அது எழுந்திருச்சதென்னவோ நிஜம்தான். புது கம்ப்யூட்டரோட சொந்த டிஸ்க் மதர்போர்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குக் கேபிள் கிடையாது, அது பிழைச்சுக்கிச்சு. செத்தது அந்த ரெண்டு மட்டும்தான்.

"சொல்லுடா"ன்னான் அண்ணன்.

நான் கேபிளைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அழிஞ்சுபோன டிஸ்க்குலேர்ந்து ஃபைல் எடுத்துக் குடுக்குற இடம் ஒண்ணு இருக்கு, ரெண்டு பஸ் மாறிப் போகணும். அங்க தடிமனா கண்ணாடி போட்ட ஒருத்தர். ரெண்டு டிஸ்க்கையும் வாங்கி வச்சுக்கிட்டு பன்னெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டார். நானும் அண்ணனும் போனோம்.

"பாட்டு இருக்குற சிப்பு அப்படியேதான் சார் இருக்கு"ன்னார். அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "ஆனா இந்த மாடல்ல எல்லாத்தையும் பூட்டுப் போட்டுத்தான் எழுதும். சாவி இந்த இன்னொரு சிப்புல இருக்கும். அது ரெண்டுலயும் எரிஞ்சு போச்சு."

"வேற சாவி?"ன்னு அண்ணன் கேட்டான்.

"கிடையாது சார். நான் இன்னும் ரெண்டு இடத்துல கேட்டுட்டேன். யாராலயும் முடியாது."

அப்புறம் என்னைப் பாத்து, "பழைய கேபிளை மாட்டிட்டீங்களா?"ன்னார்.

"ஆமா."

"நடக்குறதுதான். தொழிலுக்குப் புதுசா வர்றவங்க செய்வாங்க."

அண்ணன் பஸ்ல எனக்கு முன் சீட்டுல போய் உக்காந்தான். நாலு அறை விட்டிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன், நிம்மதியா இருந்திருக்கும். அவன் டிக்கெட் எடுக்கும்போது எனக்கும் சேர்த்து எடுத்தான்.

அதுக்கப்புறம் அண்ணி குரல் எங்கயாவது இருக்கான்னு எல்லார் போனையும் குடைஞ்சோம். அண்ணிக்குப் போட்டோ எடுக்கப் பிடிக்கும், பேசி அனுப்பப் பிடிக்காது, எல்லாம் டைப் அடிச்சுத்தான். அவங்க கோரஸ் பாடின பாட்டை அண்ணன் ஒண்ணுவிடாம போட்டுக் கேட்டான். நாலு பேர் பாடுறாங்க. அவ்வளவுதான் கேக்குது.

கடைசியில என் போன்ல ஒண்ணு கிடைச்சுது, பதினோரு செகண்ட் வீடியோ. மூணு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் வீட்டுல எடுத்தது. பழைய கம்ப்யூட்டரோட ஃபேன் எவ்வளவு இரையுதுன்னு கடையில போட்டுக் காட்டுறதுக்காக எடுத்தேன். ஸ்க்ரீன் பூரா பெட்டிதான். நடுவுல நானும் ஏதோ சொல்றேன், அதை நான் காதுல வாங்கல. இரைச்சலுக்கு அடியில, தூரத்துல, ஒரு பொம்பளைக் குரல் ஏதோ சொல்லுது. ரெண்டு மூணு செகண்ட். என்னன்னு புரியல. ஆனா அண்ணி குரல்தான். தனியா, அவங்க மட்டும்.

ஓடிப்போய் அண்ணன்கிட்ட குடுத்தேன். போனை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான்.

ஒன்பது பாட்டுக்காகச் சேர்த்த கம்ப்யூட்டர்ல அந்தப் பதினோரு செகண்டை ஏத்தி ஒரு மாசம் உக்காந்தான் அண்ணன். வந்த விளம்பர வேலையையெல்லாம் திருப்பி அனுப்பிட்டான். ஃபேன் இரைச்சலை மட்டும் தனியா உரிச்செடுக்கணும், அடியில இருக்குற குரல் மேல வரணும். இரைச்சலை எடுக்குற சாஃப்ட்வேர் என்னென்ன உண்டோ எல்லாத்தையும் போட்டான். அந்த ப்ராசஸரும் ராமும் முகம் சுளிக்காம எல்லாத்தையும் செஞ்சுது. நல்ல கம்ப்யூட்டர். அதுல ஒரு குறை சொல்ல முடியாது.

போன வாரம் ஒரு மத்தியானம் கூப்பிட்டான். "வந்து கேட்டுட்டுப் போ."

போனேன். பின்னறையில மெத்தை இன்னும் கதவோரமாவே சாஞ்சிருந்துச்சு. அண்ணி நாற்காலியில, மடியில ஸ்லேட்டு. அண்ணன் ஒரு பட்டனைத் தட்டினான்.

ஃபேன் இரைச்சல் சுத்தமா போயிடுச்சு. துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட், எதுவும் இல்ல. அப்புறம் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி பளிச்சுனு ஒரு குரல். என் குரல்.

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க. சத்தம் பதிவாகுது."

அப்புறம் மறுபடியும் ஒண்ணும் இல்ல. ஆறு செகண்ட்.

"அவ குரலும் ஃபேனும் ஒரே அளவுல இருந்துருக்கு. இரைச்சலை எடுத்தா அவளும் போயிடுறா. அவளை வச்சா இரைச்சல் வந்துடுது. நூறு தடவை பண்ணிப் பாத்துட்டேன்"னான் அண்ணன். ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே சொன்னான். "நீ போனுக்குப் பக்கத்துல இருந்துருக்க. நீ மட்டும் நல்லா விழுந்திருக்க."

நான் அழுதேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா நிறுத்த முடியல. அண்ணன் திரும்பல. "டேய், இனிமே இந்தப் பக்கம் வராத. உன் குரலைக் கேக்க முடியல என்னால"ன்னு மட்டும் சொன்னான்.

அண்ணி எழுந்து வந்தாங்க. ஸ்லேட்டுல எழுதி அவன்கிட்ட நீட்டினாங்க, அவன் பாக்கல. என்கிட்ட நீட்டினாங்க. 'அன்னைக்குச் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்க வந்தா வேற என்ன சொல்வேன்.' நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் பிடிச்சிருந்தாங்க. அப்புறம் பட்டனை அமுக்கிட்டு என் சட்டைக் கையைப் பிடிச்சு சமையலறைக்கு இழுத்துட்டுப் போனாங்க.

தட்டு வச்சாங்க. போடுறாங்க, போதும்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா உள்ள அண்ணனுக்குக் கேக்கும். பேசாம சாப்பிட்டேன். அண்ணி எதிர்ல உக்காந்திருந்தாங்க, கழுத்து ஓட்டை வழியா மூச்சு வந்து போற சத்தம் கேட்டுச்சு. பின்னறையில கம்ப்யூட்டரை அண்ணன் அணைச்சுட்டானா, இல்ல அந்தப் பதினோரு செகண்டை இன்னும் ஓட விட்டுக்கிட்டு உக்காந்திருக்கானான்னு காதைத் தீட்டிப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. அவ்வளவு சத்தமில்லாம சேர்த்துக் குடுத்திருந்தேன்.